ஒயின் காக்டெயிலும் புறநானூற்று முந்நீரும்

வெயில் ஏறினதும் எனக்கு வரும் கேள்விகள் மாறிடும். மார்கழியில் சளி, இருமல். சித்திரையில், "டாக்டர், உடம்பு குளிர்ச்சிக்கு வீட்டிலேயே ஒயினில் பழச்சாறு, ஐஸ் எல்லாம் கலந்து குடிக்கலாமா? வீடியோவில் பார்த்தேன்."

பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி லால்குடியிலிருந்து கிளம்பி ஒரு இரண்டாயிரம் வருஷம் பின்னால போயிட்டு வந்துடலாம். நீளமான இழைதான், பொறுமையா படிங்க.

ஒயின் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த மதுவை, வளையல் அணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் குடித்து இனிதாக இருப்பாயாக என்கிறார்.

புலவர் சும்மா சொல்லலை. 1945-ல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி பக்கத்திலிருக்கும் அரிக்கமேட்டைத் தோண்டினப்போ, இரண்டு கைப்பிடி வைத்த மத்தியதரைக்கடல் ஒயின் சாடிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. ஆம்போரா என்பார்கள். அவற்றில் கோஸ் என்ற கிரேக்கத் தீவின் பாணியில் செய்தவையும் உண்டு. எங்க தொழில்காரங்க யாரும் அந்தத் தீவை மறக்க முடியாது. ஹிப்போகிரட்டீஸ் பிறந்த ஊர்!

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, முசிறிப் பக்கம் வந்து இறங்கிய சரக்குகளில் ஒயினையும் சேர்க்கிறது. ஆனா கொஞ்சமாத்தான் வரும் என்கிறது. திரும்பும்போது கப்பல் நிறைய மிளகு. அதே நூலில் அர்கரு என்ற ஊரின் மெல்லிய துணியும் வருகிறது. அது நம்ம உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

இப்போ கவனிங்க. அந்த யவனர்கள் ஒயினை அப்படியே குடிக்கிறவங்க இல்லை. ஒரு பங்கு ஒயினுக்கு இரண்டு, மூன்று பங்கு தண்ணீர். கிரேக்கர்கள் கலக்குவதற்கென்றே அகலமான பாத்திரம் வைத்திருந்தார்கள். கலக்காமல் குடித்தால் நாகரிகம் தெரியாதவன் என்று பேர். கோஸ் ஒயினில் கடல்நீரே கலப்பார்கள் என்று பிளினி எழுதியிருக்கார். அபிசியஸ் பேரில் வழங்கும் ரோமானிய சமையல் நூல் தொடங்குவதே ஒரு கலவை ஒயினில்தான்: தேன், ஒயின், மிளகு, குங்குமப்பூ, பேரீச்சை. நம்ம கரையிலிருந்து போன மிளகு அங்கே கோப்பையில் மிதந்திருக்கு.

சரி, அப்போ நம்ம ஆட்கள் வெயிலுக்கு என்ன கலந்து குடிச்சாங்க?

இந்த இழையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். புறநானூறு 24. தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடியது. கடற்கரைக் காட்சி ஒன்று வருது. பரதவர்கள் கடுப்பேறிய மதுவைக் குடிச்சுட்டு குரவை ஆடுறாங்க. அதே பாட்டில் பெண்கள் வேற ஒண்ணு குடிக்கிறாங்க. நுங்கு நீர், கரும்புச் சாறு, இளநீர் (பாட்டில் தாழை என்று இருக்கு, தென்னை என்று பொருள் கொள்வார்கள்). மூன்றையும் ஒன்றாகக் கலந்து குடித்துவிட்டு கடலில் பாய்கிறார்கள். கடலுக்கு முந்நீர் என்று ஒரு பேர் உண்டு இல்லையா? மூன்று நீரைக் குடித்து முந்நீரில் குதிக்கிறாங்க! புலவர் சிரிச்சுக்கிட்டேதான் எழுதியிருப்பார்னு எனக்குத் தோணும்.

காக்டெயில் என்ற சொல்லுக்கு அச்சில் விளக்கம் வந்தது 1806-ல், ஒரு அமெரிக்கப் பத்திரிகையில். நம்ம முந்நீரின் வயசைக் கணக்கு போட்டுக்கோங்க. அதுவும் ஆல்கஹால் இல்லாமல்.

இடையில் இன்னொருத்தரையும் சொல்லணும். ஜான் ஃப்ரையர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர், 1670-களில் இந்தியாவில் இருந்தவர். இங்கே வெள்ளைக்காரர்கள் குடித்த 'பஞ்ச்' என்ற பானத்துக்கு, ஐந்து பொருள் சேருவதால்தான் அந்தப் பேர் என்று எழுதினார். பேர்க் காரணத்தில் இன்னும் சண்டை இருக்கு, அதை விடுங்க. பொருள்களைப் பாருங்க: சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, மசாலா, தண்ணீர். அதில் சாராயத்தை மட்டும் எடுத்துட்டா மிச்சம் என்ன? ராமநவமிக்கு வீட்டுக்கு வீடு கரைக்கும் பானகம். எங்களுக்குப் பக்கத்து ஊரான சமயபுரத்தில் மாரியம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். அப்போ படைக்கிறது பானகம், இளநீர், நீர்மோர், துள்ளுமாவு. பங்குனி வெயிலுக்கு இதைவிட நல்ல சீட்டு நான்கூட எழுதித் தர முடியாது.

இனி மருத்துவம்.

நம்ம மூளையிலிருந்து வாசோபிரஸின் என்ற ஹார்மோன் வருது. சிறுநீரகத்திடம் "தண்ணியை வெளியே விடாதே, பிடிச்சு வை" என்று சொல்வது அதன் வேலை. ஆல்கஹால் அந்த ஹார்மோனை அடக்கிடும். ஏற்கெனவே வியர்வையில் நீர் போயிட்டிருக்கு, இப்போ சிறுநீரிலும் போகும். ஜில்லுனு இருப்பது ஐஸும் பழச்சாறும்தான், ஒயின் இல்லை. இனிப்பு சேர்ந்தால் இன்னொரு தொல்லை: ஆல்கஹாலின் கடுப்பு தெரியாது, அளவும் தெரியாது. வாழைத்தோட்டத்திலும் கட்டட வேலையிலும் நாள் முழுக்க நின்னுட்டு, சாயங்காலம் தண்ணீருக்குப் பதிலா பாட்டிலைத் திறப்பவர்கள்தான் எனக்குக் கவலை. வெயிலில் மயங்கி விழ இதைவிட நேர்வழி கிடையாது. நீர் மாத்திரை போடும் இரத்த அழுத்தக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் கூடுதல் கவனமா இருக்கணும்.

"அப்போ வீட்டிலேயே திராட்சையை ஊறப்போட்டு ஒயின் செய்யலாமா?" கூடாது. முதன்முதலில் 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கு. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

அதனால் முந்நீர் செய்யலாம். நாலு நுங்கைத் தோல் நீக்கி, உள்ளிருக்கும் நீரோடு கையால் மசிச்சுக்கோங்க. ஒரு இளநீர். அரை டம்ளர் கரும்புச் சாறு. பாட்டில் இல்லாத இரண்டை நான் சேர்ப்பேன்: அரை மூடி எலுமிச்சை, இரண்டு சிட்டிகை உப்பு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நாம இழப்பது பெரும்பாலும் சோடியம். அந்த உப்பு அதுக்குத்தான். மண்பானையில் வைத்துக் குளிரவிடுங்க, ரோட்டோர ஐஸ் வேண்டாம்.

கரும்புச் சாறு பிழிந்த உடனே சேர்க்கணும். வெயிலில் வச்சா புளிக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் பரதவர் பக்கம் போயிடும். சர்க்கரை நோய் இருந்தால் கரும்புச் சாறு வேண்டாம். ஒரு டம்ளரில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை. இரத்த அழுத்தம், இதய நோய் இருக்கிறவங்க உப்பைச் சேர்க்காதீங்க. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீர் ஆபத்து, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும். அவங்க எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையே அவங்க டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யணும்.

மத்தவங்க இந்த வாரமே செய்து பாருங்க. ஆடி பிறந்துட்டா நுங்கு முத்திடும்.