கம்பியில்லா ஃபிளாஷ் டிரிகர்: கோளாறு அறிதல்

கேமராவின் ஹாட் ஷூவில் பொருத்திய டிரான்ஸ்மிட்டரிலிருந்து ரேடியோ அலைமூலம் தொலைவிலுள்ள ஃபிளாஷை இயக்கும் கருவி இது. ஃபிளாஷ் எரியாவிட்டால் பலரும் முதலில் சிக்னலைத்தான் சந்தேகிக்கிறார்கள். அங்கே தொடங்குவது பெரும்பாலும் வீண் அலைச்சல். டிரான்ஸ்மிட்டரின் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் ஃபிளாஷ் எரிந்தால் ரேடியோ இணைப்பு நன்றாகவே இருக்கிறது. கோளாறை ஹாட் ஷூவின் நடுமுனையில் படிந்த அழுக்கிலோ, முழுதாக உள்ளே தள்ளப்படாத பொருத்தத்திலோ, பல கேமராக்களில் ஃபிளாஷை முடக்கிவிடும் ஓசையற்ற ஷட்டர் அமைப்பிலோதான் தேட வேண்டும். பொத்தானுக்கும் எரியாதபோதுதான் சேனல், குழு, பேட்டரி, உறக்கநிலை ஆகியவற்றின் முறை வருகிறது.

பல டிரிகர்கள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபையும் இயங்குவதால் குறுக்கீடு மெய்யானதே என்பர். மெய்தான், கூட்டம் நிறைந்த மண்டபத்தில் சேனலை மாற்றினால் பலன் தெரியலாம். ஆனால் குறுக்கீடு இருந்தால் ஃபிளாஷ் சில வேளை எரியும், சில வேளை தவறும்; எல்லாப் படங்களிலும் ஒரேமாதிரி வரும் கோளாறுக்கு அது காரணமாவது அரிது. எடுத்துக்காட்டாக, படத்தின் ஓரத்தில் விழும் கரும்பட்டையைப் பாருங்கள்: ஃபிளாஷ் எரிந்திருக்கிறது, அதற்குள் ஷட்டர் திரை சட்டகத்தின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. திரை சட்டகத்தை மறைக்காமல் ஃபிளாஷுடன் பயன்படுத்தத்தக்க உச்ச ஷட்டர் வேகமான ஒத்திசைவு வேகம் பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடி. மலிவான டிரிகர்களின் சிறு தாமதம் அந்த எல்லைக்குள்ளும் பட்டையை உண்டாக்கும். ஷட்டர் வேகத்தை 1/160க்கு இறக்கினால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும்.