யூஐ எங்க போச்சு?

போன மாசம் ஒரு ராத்திரி சித்தி மகன் கூப்பிட்டான். "அண்ணே, யூஐன்னு ஒன்னே இல்லையாம். சிவப்புல பதினாலு எரர்."

தம்பி யுனிட்டியில் கேம் செய்கிறான். கொழுந்து பறிக்கப் பறிக்கத் திரையின் மேலே கிலோ ஏற வேண்டும். கணக்கு குறைந்தால் "அரைப் பேர்" என்று விழ வேண்டும். லயத்துப் பிள்ளை வேற என்ன கேம் செய்யும்? இரண்டு நாள் போராடிவிட்டு, "எனக்கு இங்கிலீஷ் காணாது, விட்டுடுறேன்" என்றான். அந்த எரருக்கும் இங்கிலீஷுக்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

2005இல் கோபன்ஹேகனில் ஒரு சின்னக் குழு மேக் கணினிக்காக வெளியிட்டதுதான் யுனிட்டி. 2007இல் வந்த 2.0 பதிப்பில் பட்டன் வேண்டுமென்றால் 'ஆன்ஜியூஐ' என்ற ஃபங்ஷனுக்குள் எழுத வேண்டும். எங்கே வைப்பது, எவ்வளவு அகலம், எல்லாமே கோடில்தான். சலித்துப்போன மைக்கேல் ல்யாஷென்கோ என்பவர் 'என்ஜியூஐ' என்று தானே ஒரு கருவி செய்து விற்றார். அது போட்ட போட்டில் யுனிட்டியே அவரைக் கொஞ்ச காலம் வேலைக்கு எடுத்தது. 2014 நவம்பரில் 4.6 பதிப்போடு, நாம் இன்றைக்கும் பழகுகிற கேன்வஸ் வந்தது. அதன் நேம்ஸ்பேஸ் 'யுனிட்டிஎஞ்சின்.யூஐ'. ஸ்கிரிப்ட் தலையில் அந்த ஒரு வரியை எழுதினால் போதும், வேலை செய்யும்.

2019இல் 2019.2 பதிப்பு வந்தபோது இந்த யூஐ எஞ்சினுக்குள்ளிருந்து வெளியேறித் தனிப் பேக்கேஜ் ஆனது. நேம்ஸ்பேஸ் மாறவில்லை, ஒரு எழுத்துக்கூட. இருக்கிற இடம்தான் மாறியது.

மஸ்கெலியாக்காரருக்கு இதை விளக்க உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இப்ப நாம் சாமான் வாங்குகிற டவுன் பழைய டவுன் இல்லையே. 1960களின் கடைசியில் மவுசாகலை அணை கட்டியபோது பழைய டவுன் தண்ணிக்குள் போனது. மேட்டில் புது டவுன் வந்தது, பேர் மட்டும் அதேதான். கடும் வரட்சியில் தண்ணி இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டும், பார்க்கக் கூட்டம் போகும். தம்பி பார்த்துப் படித்த வீடியோவும் பழைய டவுனுக்குத்தான் வழி சொன்னது. அவனோ லேப்டாப் தாங்கவில்லை என்று கண்ட பேக்கேஜ்களை எல்லாம் கழற்றியிருக்கிறான். அதோடு யூஐயும் போய்விட்டது. பேக்கேஜ் மேனேஜரில் 'யுனிட்டி யூஐ'யைத் திரும்பச் சேர்த்ததும் பதினொரு எரர் காணாமல் போயின.

மிச்சம் மூன்று.

அதில் இரண்டு, அவன் இறக்கிய ஒரு ஃபோல்டரில். அங்கே 'அசெம்ப்ளி டெஃபினிஷன்' ஃபைல் ஒன்று கிடந்தது. அது 2017.3இல் வந்த ஏற்பாடு. அதற்கு முன் எல்லா ஸ்கிரிப்டும் பெரும்பாலும் ஒரே மூட்டை. ஒரு வரி மாற்றினாலும் மூட்டை முழுக்க மறுபடி கம்பைல் ஆகும். இந்த ஃபைலை வைத்தால் அந்த ஃபோல்டர் தனி மூட்டை. ஆனால் யார் யார் உதவி வேண்டும் என்று அதிலேயே பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலில் 'யுனிட்டிஎஞ்சின்.யூஐ' இல்லை. சேர்த்தோம். டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ பாவிக்கிறவர்கள் 'யுனிட்டி.டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ'வையும் சேர்க்க வேண்டும். இதற்குத்தான் நான் ஒருமுறை மூன்று நாள் தூங்கவில்லை.

கடைசியாக வந்தது சிஎஸ்0104. 'பட்டன்' என்றால் எந்தப் பட்டன் என்று கேட்கிறது. யுனிட்டி இப்போது 'யூஐ டூல்கிட்' என்று இன்னொரு முறையும் வைத்திருக்கிறது. அதிலும் ஒரு பட்டன் உண்டு, 'யுனிட்டிஎஞ்சின்.யூஐஎலிமென்ட்ஸ்' என்ற நேம்ஸ்பேஸில். கோட் எடிட்டர் உதவி செய்கிறேன் என்று அந்த வரியைத் தானாகவே தலையில் போட்டுவிடும். அந்த வரி மட்டும் தனியாக இருந்தால் இன்னும் மோசம். எரரே வராது, இன்ஸ்பெக்டரில் பட்டனை இழுத்துப் போடும் கட்டம்தான் காணாது. அந்த வரியை அழித்தோம்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்லிவைத்தேன்: பென்டிரைவில் ப்ராஜெக்ட் கொண்டுபோனால் '.மெட்டா' ஃபைல்களை விட்டுவிடாதே. யுனிட்டி ஒவ்வொரு ஃபைலையும் அதன் பேரால் அல்ல, மெட்டாவில் இருக்கிற 32 எழுத்து அடையாளத்தால்தான் தேடும். அது தொலைந்தால் இழுத்துப் போட்டதெல்லாம் 'மிஸ்ஸிங்'.

எரர் தீர்ந்து கேம் ஓடியது. ஆனால் திரையில் "பேர்" உடைந்திருந்தது, இரட்டைக்கொம்பு பகரத்துக்கு அந்தப்பக்கம் போய் நின்றது. யூனிகோடில் அந்தக் கொம்பு பகரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும், எழுதும்போது முன்னால் இழுக்க வேண்டும். டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அந்த வேலையைச் செய்வதில்லை. நாங்கள் பழைய பாமினி எழுத்துருவைப் போட்டோம். அதில் கொம்பை முதலில் தட்டி, பிறகு பகரம். வரிசை கண்ணுக்குத் தெரிகிறபடியே இருப்பதால் உடையவில்லை.

அரைப் பேருக்கு எத்தனை கிலோ வைப்பது என்று சித்தியிடம் கேட்டானாம். "உன் கேம்லயாச்சும் கொறைச்சு வைடா" என்றாராம்.