பழவேற்காட்டு ஏரியும் கடல் கடந்த தோழமையும்

பழவேற்காட்டைக் காண வருவோர் முதலில் தேடிச் செல்வது டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தையே. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே வணிகர், அதிகாரிகள், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோரின் பெயர் பொறித்த பெருங்கற்கள் உள்ளன. ஆனால் 1613-இல் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டிய அவ்வணிகர்கள் துணிப்பொதிகளை மட்டும் கப்பலேற்றவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களில், தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட ஏழைகளை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கிப் பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகளாக அனுப்பினர். பத்தேவியா என்பது இன்றைய ஜகார்த்தா நகரமே. அவ்வாறு சென்றவர்களுக்கு இங்கும் கல் இல்லை. அங்கும் கல் இல்லை.

உலகத்தோடு நம் ஏரி கொண்ட உறவு நேற்று ஏற்பட்டதன்று என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை முதலிற் குறித்தோம். முதலில் மனிதர் சரக்காகச் சென்றனர். மூன்று நூற்றாண்டு கழித்து இறால் சரக்காகச் சென்றது. சரக்கு சென்ற வழியிலேயே தோழமையும் திரும்பி வந்தது என்பதுதான் இக்கட்டுரையில் நாம் சொல்ல எடுத்துக்கொண்ட செய்தி.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இறாலுக்கு விலை ஏறியபோது, நம் நாட்டுக் கரையோரங்களில் இழுவை விசைப்படகுகள் பெருகின. கட்டுமரமும் நாட்டுப்படகும் கொண்டு பிழைத்தோர் வலையறுந்து, வயிறு காய்ந்து நின்றனர். பல மாநில மீனவர் சங்கங்கள் 1978-இல் ஒன்றுகூடித் தேசிய அளவில் ஓர் அமைப்பைக் கண்டன. அதுவே பின்னாளில் தேசிய மீன்தொழிலாளர் பேரவையாக வளர்ந்தது. 1984-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் ரோம் நகரில் உலக மீன்வள மாநாட்டைக் கூட்டியது. அரசுகள் பேசிய அம்மன்றத்தில் வலை இழுப்பவனின் குரலுக்கு இடமில்லை என்று கண்ட மீன்தொழிலாளர்களும் அவர்தம் ஆதரவாளர்களும் அதே நகரில் தமக்கென ஒரு மாநாட்டை நடத்தினர். அதன் தொடர்ச்சியாக 1986-இல் திருவனந்தபுரத்தில் மீன்தொழிலாளர் ஆதரவுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. அதன் அலுவலகம் பின்னர் நம் சென்னைக்கே வந்தது. 1997-இல் பல நாட்டு மீனவர் புது தில்லியில் கூடி ஓர் உலகப் பேரவையை அமைத்தனர். ஆண்டுதோறும் நவம்பர் 21-ஆம் நாளை உலக மீனவர் நாளாகக் கொண்டாடுவது அதன் நினைவாகவே.

இவையெல்லாம் மீனவர் கதை. நம்மவர்க்கு இதில் என்ன பங்கு என்று கேட்போர் உண்டு. அவர்கள் கீழத்தஞ்சையின் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் நம் மக்கள் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அதன்பின் அம்மண்ணிலேயே தங்கி, நிலமற்றோர்க்கு நிலம் தேடித் தந்தவர்கள் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் என்னும் காந்தியத் தம்பதியர். கிருஷ்ணம்மாள் நம் சமூகத்தில், நிலமற்ற கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். 1990-களின் தொடக்கத்தில் நாகைக் கடற்கரையோரம் பெருநிறுவனங்கள் நெல்வயல்களை வாங்கி இறால் பண்ணைகளாக வெட்டின. நடவும் அறுப்பும் பலருக்குக் கூலி தரும்; இறால் குட்டைக்குக் காவலாள் சிலர் போதும். உப்பு நீர் கசிந்து கிணறுகள் கெட்டன. அரும்பாடுபட்டுப் பெற்ற நிலமும் அண்டை நிலத்து உப்பால் பாழாயிற்று. முதியவரான ஜெகந்நாதன் உண்ணாவிரதம் இருந்தார். பெண்கள் பண்ணைகளின் முன் மறியல் செய்தனர். 1994-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

அதே காலத்தில் இதே துயரை உலகின் பிற கரைகளிலும் மக்கள் பட்டுக்கொண்டிருந்தனர். தைவானின் இறால் பண்ணைகள் 1980-களின் இறுதியில் நோய் கண்டு வீழ்ந்தன. நடு அமெரிக்காவின் ஹொண்டுராஸ் நாட்டில் பொன்சேகா வளைகுடா மீனவர் தம் அலையாத்திக் காடுகளைக் காக்கப் போராடினர். 1996 அக்டோபரில் அந்நாட்டின் சொலுத்தேகா நகரில் பல கண்டத்துத் தொண்டு நிறுவனங்கள் கூடி, இறால் பண்ணை விரிவாக்கத்தை நிறுத்துமாறு அறிக்கை விடுத்தன. இரண்டே மாதத்தில், 1996 டிசம்பர் 11 அன்று, நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிய நாடுகளில் இறால் பண்ணைகள் விளைத்த கேட்டைப் பற்றிய பன்னாட்டு ஆய்வுகளையும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். சில்கா ஏரி, பழவேற்காடு ஏரி ஆகிய இரண்டின் கரையிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கலாகாது என்று அத்தீர்ப்பு பெயர் சுட்டியே ஆணையிட்டது.

நம் ஏரியைப் பார்த்தே இராத கீழத்தஞ்சைக் கூலிப்பெண்களின் மறியலால் நம் ஏரிக்கு ஒரு வேலி கிடைத்தது! ஆயினும் அவ்வேலி நெடுநாள் உறுதியாய் நிற்கவில்லை. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தீர்ப்பின் வலுவைப் பெரிதும் குறைத்துவிட்டது. வழக்கில் வென்றதோடு வேலை முடிந்தது என்று எண்ணியோரில் நாமும் இருந்தோம்.

இனி நம் வீட்டுக்குள்ளேயும் பார்க்க வேண்டியுள்ளது. ஏரியில் இறால் படும் நல்ல இடங்களுக்குப் 'பாடு' முறை உண்டு. குலுக்கல் போட்டு, முறை வைத்து, சண்டையின்றி மீன் பிடிக்கும் அறிவார்ந்த ஏற்பாடு அது. உணவு வேளாண்மை நிறுவனமே 1991-இல் அதைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டது. ஆனால் அந்தப் பாட்டில் முறை பெறுவோர் பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டுகளே. தலைமுறை தலைமுறையாக அதே நீரில் உழைத்தும் நம்மவர்க்குத் தலைக்கட்டு இல்லை. கடலைக் காக்கக் கூடும் கூட்டத்தில் நம் தோளும் வேண்டும், கொடியும் நம் கையில் வேண்டும். குலுக்கலில் மட்டும் நம் பெயர் வேண்டாம் என்றால் அது என்ன தோழமை? இதைக் கசப்பினால் சொல்லவில்லை. பட்டினவர் நம் பகைவர் அல்லர். துறைமுகமும் அனல்மின் நிலையமும் கரையை அரிக்கும்போது அவர் குப்பமும் நம் சேரியும் ஒன்றாகவே நனைகின்றன.

ஆனால் இதே கேள்வியை நம்மை நோக்கிக் கேட்போரும் உண்டு. கழுத்தளவு நீரில் நின்று, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை நம் வலைக்கு அருகில் வரக்கூடாதென விரட்டியவர்கள் நம்மிலும் உண்டு. வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் இதனை எழுதத் தயங்கினோம். எழுதாமல் விடவும் மனம் ஒப்பவில்லை.

2014 ஜூனில் ரோம் நகரில் சிறுதொழில் மீன்பிடிப்புக்கான பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் ஏற்கப்பட்டன. பெண்களுக்கும் விளிம்பில் உள்ளோர்க்கும் மீன்வளத்தில் உரிய பங்கு வேண்டும் என்று அவை வலியுறுத்துகின்றன. அந்நெறிகளுக்காகப் பல்லாண்டு உழைத்த சென்னை அலுவலகத்துச் சந்திரிகா சர்மா, அவ்வாண்டு மார்ச் 8 அன்று மறைந்துபோன மலேசிய விமானத்தில் பயணம் செய்தவர். அந்நெறிகள் அவர் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளன.

அந்நூலை நம் சங்கத்தின் ஞாயிறு வாசிப்பில் இவ்வாண்டு முதல் எடுத்துக்கொள்கிறோம். முதல் கூட்டத்திற்குப் பட்டினவர் குப்பத்து இளைஞர்களையும் இருளர் குடியிருப்பினரையும் அழைக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. இருளர் குடியிருப்புக்குக் கடிதம் அனுப்பாமல், நாமே நேரில் சென்று அழைக்க இருக்கிறோம்.