பட்டமாய்ப் பறந்த கூரை

ஸ்பேஸ் ஃபிரேம் எனும் முக்கோணச் சட்டக் கூரை கோயிலுக்கென்றோ பள்ளிவாசலுக்கென்றோ பிறந்ததல்ல. தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பட்டத்துக்காக முக்கோணங்களைக் கோத்துப் பார்த்தார். 1907 டிசம்பர் 6-இல், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், 3,393 நான்முகக் கூடுகள் கொண்ட அவருடைய ‘சிக்னெட்’ ஒருவரைச் சுமந்து ஏழு நிமிடம் பறந்தது. இறங்கியதும் தண்ணீரில் இழுபட்டு நொறுங்கியது. பட்டம் போனாலும், எல்லாத் திசையிலும் முக்கோணமாகப் பிணைத்தால் எடை குறைந்தும் பலம் குறையாது என்ற பாடம் நின்றது.

அதைத் தொழிலாக்கியவர் ஜெர்மனியின் மாக்ஸ் மெங்கரிங்ஹவுசன். 1943-இல் அவர் கொண்டுவந்த ‘மெரோ’ முறையின் உயிர் ஓர் எஃகுக் குண்டு. அதில் மரையிட்ட 18 துளைகள். குழாயின் கூம்பு முனையிலிருந்து நீளும் போல்ட்டைத் துளையில் வைத்து ஸ்பேனரால் முறுக்க வேண்டியதுதான், வெல்டிங் வேண்டாம். தரையிலேயே கோத்து, மொத்தமாக மேலே ஏற்றலாம். நடுவில் தூணே இல்லாத பெரிய கூடம் கிடைக்கும்.

வழிபாட்டிடங்கள் இதற்குத்தான் மயங்கின. அமெரிக்காவின் கொலராடோவில் விமானப்படைப் பயிற்சிக் கழகத் தேவாலயம் 1962-இல், 100 எஃகு நான்முகங்களை அடுக்கி 17 கூர்முனைகளோடு எழுந்தது. படத்தில் கொள்ளை அழகு. மழை பெய்தால் ஒழுகல். இணைப்புகள் வழியே ஆரம்பம் முதலே தண்ணீர் இறங்கி, 2019-இல் பழுதுபார்க்க மூடினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஆரோவில்லின் மாத்ரிமந்திர் (மதம் அல்ல என்பார்கள், இருக்கட்டும்) அதே முக்கோணப் பிணைப்பைக் கான்கிரீட்டில் செய்து, பொன் தட்டுகளைப் போர்த்திக்கொண்டது.

மலேசியாவின் சிலாங்கூரில் முக்கோணச் சட்டத்தின் பெருமை ஷா ஆலாமின் நீலப் பள்ளிவாசல். 1988-இல் திறந்த அதன் அலுமினியக் குவிமாடத்தின் விட்டம் 51.2 மீட்டர். வரிசையாக நின்று தொழும் இடத்தில் தூண் குறுக்கே வரக்கூடாது. நம் கோயில் கதை வேறு. ஆயிரங்கால் மண்டபம் கட்டிய மரபுக்குத் தூண் இடைஞ்சலா என்ன? கலசத்துக்கு மேல் கூரையும் ஆகாது. குடமுழுக்குக்குத் திறந்த வானம் வேண்டும். ஆகவே கருவறைப் பக்கம் போகாமல், இந்த விருந்தாளி முன்மண்டபத்தோடு நிற்பதே முறை.

சிலாங்கூரின் கோலசிலாங்கூரில் அந்த முன்மண்டபம்தான் இப்போது பிரச்சினை. அதன் வேர் தோட்டங்களில். தோட்டக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே 1917-இல் வணிகமுறையில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயத்துச் சனம் டவுனுக்குப் போனது. பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் மரக்காலும் தகரமுமாய் நின்ற கோயிலுக்குத் திருவிழாவன்று பேரப்பிள்ளைகளோடு திரும்பி வருகிறார்கள். பந்தி நனையாமலிருக்கப் பெரிய கொட்டகை வேண்டும்.

கரையோரம் இளகிய களிமண், உள்ளே சதுப்பு. பாரம் ஏற்றினால் அமுங்கும் மண்ணுக்கு லேசான கூரைதான் சரி. ஆனால் லேசான கூரையைப் புயல்காற்று அடியிலிருந்து தூக்கும், உப்புக்காற்று போல்ட்டை அரிக்கும். பன்னிரண்டு மீட்டர் அகலக் கொட்டகைக்குச் சாதாரணக் கூரைச் சட்டம் (truss) தாராளம். குண்டும் குழாயும் வீண் ஆடம்பரம் என்பேன்.

அப்படியும் ஆசை விடவில்லையென்றால் கோல திரங்கானுவை நினைத்துக்கொள்ளுங்கள். 2008-இல் திறந்த சுல்தான் மிசான் அரங்கத்தின் ஸ்பேஸ் ஃபிரேம் கூரை, 2009 ஜூன் 2-இல் சரிந்தது. தாங்குமிடங்களின் நிலையை வடிவமைப்பு முழுதாகக் கணக்கில் எடுக்கவில்லை, பொருத்திய வேலையும் தரமாயில்லை என்றது விசாரணைக் குழு.

ஆலய நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: பதிவுபெற்ற பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடமும் நகராண்மைக் கழக அனுமதியும் இல்லாமல் நன்கொடைப் பணத்தைக் குத்தகைக்காரர் கையில் கொடுக்காதீர்கள். கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரட்டும். போல்ட்டுகளை வருஷத்துக்கு ஒருமுறை ஆளை ஏற்றிப் பாருங்கள்.