மாத்திரை எண்ணிக்கையிலிருந்து மாவட்டப் பயிற்சி வரை: சென்னையில் வளர்ந்த மக்கள் நல ஆய்வுமுறை

காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியுமா, சானடோரியத்தில் சேர்த்தே ஆக வேண்டுமா? 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி இது. நாட்டில் லட்சக்கணக்கானோர் இருமிக்கொண்டிருந்தார்கள். படுக்கைகளோ மிகக் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து இம்மையத்தை அமைத்தன. இங்கே மக்கள் நல ஆய்வுமுறை நூல்வழி வந்ததைவிடக் களத்தின் வழியாகவே கைவந்தது என்பதும், அந்தத் தொடர்ச்சி இன்றைய பயிற்சிகளில் மெலிந்துவருகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நூல்வழி வந்த பங்கு சிறிதல்ல. பிராட்ஃபோர்டு ஹில் 1937-இல் 'லான்செட்' இதழில் எழுதிய தொடர் மருத்துவர்களுக்குப் புள்ளியியலைப் பழக்கியது. அவர் வடிவமைத்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு 1948-இல் வெளிவந்தது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கும் வழக்கம் அதன்பின் நிலைபெற்றது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இந்த முறையோடு சென்னைக்கு வந்தார். ஆனால் இங்கிருந்த நிலைமை லண்டனில் இல்லாதது.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டார்கள். இரு பிரிவுக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு. சானடோரியப் பிரிவுக்கு நல்ல உணவும் ஓய்வும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டுப் பிரிவினர் நெரிசலான வீடுகளில், குறைந்த உணவோடு, பலர் வேலையும் பார்த்தபடி மருந்து உட்கொண்டார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனால் ஆண்டு முடிவில் நோய்க்கிருமி அடங்கியிருந்தவர்கள் வீட்டுப் பிரிவில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான இம்முடிவு, காற்றும் ஓய்வும்தான் காசநோய்க்கு மருந்து என்றிருந்த நெடுநாள் நம்பிக்கையைத் தகர்த்தது.

வீட்டிலிருக்கும் நோயாளி குழந்தைகளுக்குத் தொற்றவைக்க மாட்டாரா என்ற ஐயம் அடுத்து எழுந்தது. மையம் அதையும் விடவில்லை. இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தது. வீட்டுப் பிரிவின் குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்பது அப்போது புலப்பட்டது.

என் பார்வையில், இதைவிட நுட்பமான பாடம் மருந்தை எண்ணிய வேலையில் இருந்தது. பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை எடுத்து மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். "தவறாமல் சாப்பிடுகிறேன்" என்று மனதாரச் சொன்னவர்களில் சிலரிடம் தடயமே இல்லை. நோயாளியின் வாய்மொழியை மட்டும் தரவாகக் கொண்டால் ஆய்வு எங்கே வழுக்கும் என்பதை வகுப்பறையில் எத்தனை மணி நேரம் விளக்கினாலும் இப்படிப் பதியாது. அளவீட்டுக்காகத் தொடங்கிய இக்கண்காணிப்பு பின்னர் சிகிச்சையின் வடிவத்தையே மாற்றியது. வாரம் இருமுறை, பணியாளர் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையை இதே மையம் சோதித்து 1964-இல் முடிவை வெளியிட்டது. உலகெங்கும் பின்னால் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று இது.

1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி ஆய்வு இதைவிடப் பல மடங்கு பெரியது. சுமார் 2.8 லட்சம் பேருக்குத் தடுப்பூசியோ போலி ஊசியோ சமவாய்ப்பு முறையில் போடப்பட்டது. ஊர் ஊராகக் கணக்கெடுத்து, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் போய், சளி எடுத்து, 15 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு பலருக்கும் கசந்தது. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்களைத் தடுக்க பி.சி.ஜி. இன்றும் தேவை, பெற்றோர் குழம்ப வேண்டியதில்லை.) எதிர்பார்ப்புக்கு மாறான முடிவையும் மறைக்காமல் வெளியிட்டது ஆய்வு நேர்மைக்கு இந்த மண்ணில் கிடைத்த பெரிய எடுத்துக்காட்டு.

இந்த அனுபவம் நிறுவன வடிவம் பெறச் சில பத்தாண்டுகள் பிடித்தன. சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் களப்பிரிவும் 1999-இல் இணைந்து தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமாயின. 2001-இல் இங்கே களத் தொற்றுநோயியல் பயிற்சி தொடங்கியது. இதன் முன்மாதிரி, அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்முயர் 1951-இல் உருவாக்கிய பயிற்சித் திட்டம். இரண்டாண்டுப் படிப்பில் பெரும்பகுதி மாவட்டத்தில்தான் கழியும். வாந்தி பேதி பரவினால் மாணவர் போக வேண்டும். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று இரு சாராரையும் விசாரிக்க வேண்டும். திரட்டிய தரவோடு சென்னைக்கு வந்து ஆசிரியர்களின் கேள்விக்கு நிற்க வேண்டும்.

அதே நிறுவனம் இணையவழிப் படிப்புகளையும் நடத்துகிறது. அதன் உயிரிமருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பு 2019 முதல் முதுநிலை மருத்துவ மாணவர்களுக்குக் கட்டாயமானது. நாடெங்கும் உள்ள மாணவர்களுக்கு ஒரே தரமான பாடம் போய்ச் சேர்வது நல்லதே. ஆனால் ஆய்வு வடிவம், மாதிரி அளவு, பிழை வகைகள் ஆகியவற்றைக் காணொளியில் கேட்டுத் தேர்வில் குறித்துவிடும் மாணவர், ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்காமலேயே சான்றிதழ் வாங்கிவிட முடிகிறது. இணையப் பாடத்தோடு சில வாரக் களக் கணக்கெடுப்பையும் கட்டாயமாக்கினால், சென்னைக் காசநோய் மையமும் செங்கல்பட்டுக் கிராமங்களும் கற்றுத்தந்ததில் ஒரு பங்காவது அவர்களுக்குக் கிட்டும்.