மோர்பாத் கிராமத்தின் கணக்குப் புத்தகம்



அரசர்களின் சரித்திரத்தை எழுத எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். முப்பத்து மூன்று குடும்பங்கள் வாழ்ந்த ஒரு குக்கிராமத்துக்கு யார் எழுதுவார்? இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள மோர்பாத்துக்கு அதன் பங்குக் குருவே எழுதி வைத்தார்.

கிறிஸ்தோபர் ட்ரிக்கி 1520 முதல் 1574 வரை அங்கே குருவாக இருந்தார். தேவாலயத்தின் வரவு செலவை எழுதி, ஊரார் முன்னிலையில் உரக்க வாசித்துக் காட்டுவார். கணக்காளனான எனக்கு இந்த வழக்கமே முதலில் பிடித்துப் போனது.

அங்கே முக்கிய முதல், ஆடுகள். புனிதர்களின் பெயரில் தனித்தனி நிதிகள் இருந்தன. அவற்றுக்குரிய ஆடுகளை ஊரார் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்தார்கள். கம்பளி விற்ற பணம் மெழுகுவர்த்திக்குப் போனது. இளைஞர்களுக்கும் கன்னிப் பெண்களுக்கும் வேறு வேறு கணக்கு. பெண்களும் பொறுப்பாளராக இருந்திருக்கிறார்கள்.

இறந்தோர் பூசைக்கான கறுப்பு உடைக்காக ட்ரிக்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணம் சேர்த்தார். 1547 இல் அது வந்து சேர்ந்தது. அதே ஆண்டு எட்டாம் ஹென்றி இறந்தார். சிறுவன் ஆறாம் எட்வர்ட் அரசனானான். புதிய ஆட்சி பழைய வழிபாட்டை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. ஆடுகள் விற்கப்பட்டன. நிதிகள் மறைந்தன.

1549 இல் லத்தீன் பூசைக்குப் பதிலாக ஆங்கில வழிபாட்டு நூல் கட்டாயமானது. டெவனும் கோர்ன்வாலும் கிளர்ந்தெழுந்தன. எக்ஸிட்டர் நகரை முற்றுகையிட்டவர்களின் முகாமுக்கு மோர்பாத் ஐந்து இளைஞர்களை அனுப்பியது. அந்தச் செலவும் கணக்கில் இருக்கிறது! அரச துரோகத்துக்கான செலவை தேவாலயக் கணக்கில் எழுதிய ஊர் அது. இந்தப் பதிவின் பொருளை 2001 இல் வெளியான தமது நூலில் வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி விளக்கினார். கிளர்ச்சி ஆகஸ்டில் நசுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

1553 இல் மேரி அரசியானதும் பழைய வழிபாடு திரும்பியது. ஊரார் தங்கள் வீடுகளில் பத்திரப்படுத்தி வைத்திருந்த தேவாலயப் பொருட்களை மீண்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1558 இல் எலிசபெத் வந்தார், மறுபடியும் மாற்றம். ட்ரிக்கி அப்போதும் மோர்பாத்திலேயே இருந்தார்.

காற்றடித்த பக்கம் சாய்ந்தவர் என்று அவரைச் சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு ஆட்சிகளிலும் அவர் தம் மக்களை விட்டுப் போகவில்லை, கணக்கையும் நிறுத்தவில்லை. ஓர் ஊர் எதற்குப் பணம் கொடுத்தது என்று பாருங்கள்; அது எதை நேசித்தது என்பது தெரிந்துவிடும்.