பளிச் வெயில், பனிமலை... சம்மர் டிரிப்ல இதைக் கவனிங்க!

ஏப்ரல் வந்தாலே புதுச்சேரி வெயிலுக்குப் பயந்து சிக்கிம், மணாலின்னு டிக்கெட் போட ஆரம்பிச்சிடுவோம். ஆனால், மலையில் பனிச்சரிவு ஆபத்து உள்ள மாதங்களில் அதுவும் ஒன்று.

2023 ஏப்ரல் 4 அன்று, சிக்கிமில் நாதுலா செல்லும் சாலையில் பனிச்சரிவில் சிக்கி 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அன்று 13-வது மைல் வரைதான் அனுமதி. விபத்து நடந்தது அதைத் தாண்டி!

குளிர்காலம் முழுக்க அடுக்கடுக்காகச் சேர்ந்த பனி, இரவில் இறுகும். வெயில் ஏறியதும் உருகிய நீர் உள்ளே இறங்கி, அடுக்குகளின் பிடிமானத்தைத் தளர்த்திவிடும். அதனால், மேகமே இல்லாத மதியத்தை நம்பாதீங்க. 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் பெரும்பாலும் பனி சரியும். ட்ரெக்கிங் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பி, மதியத்துக்குள் அவற்றைக் கடந்துவிடுவார்கள். காலையில் கெட்டியாக இருந்த பனியில் முழங்கால்வரை புதைகிறதா, மேலிருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு வருகின்றனவா? உடனே விலகிடுங்க.

புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் மீட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஆனால், சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும். வெறும் கையால் தோண்டுவது ரொம்பக் கஷ்டம்.

சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ-வின் டி.ஜி.ஆர்.இ ஆய்வகம் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் முன் பார்த்துடுங்க. 'இதுக்கு மேல போகக் கூடாது'ன்னு செக்போஸ்ட்டில் சொன்னால், 'இன்னும் கொஞ்ச தூரம்ண்ணா' என்று டிரைவரைக் கெஞ்ச வேண்டாம்.